மிஸ் கேரளாவோடு ரயிலேறிய பாய்

தெர்மகோல் பெட்டியைத் திறந்ததும் பாய் குனிந்து உற்றுப் பார்த்தார். உள்ளே பிளாஸ்டிக் பைகளில் பெரும்பாலான மீன்கள் செத்து மல்லாந்து கிடந்தன. மூக்கிலிருந்து பாதி உடல்வரை குங்குமக் கோடு, அதன் கீழே வால்வரை மைக்கோடு. மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் மட்டுமே வாழும் அந்த மீனுக்கு வியாபாரிகள் 'மிஸ் கேரளா' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், விலங்கியல் படித்துவிட்டு வேறு வேலை கிடைக்காமல், தி. நகரில் பாய் நடத்திய வண்ணமீன் கடையில் சேர்ந்திருந்தேன். தினமும் திருவல்லிக்கேணியிலிருந்து ஸ்கூட்டரில் வந்திறங்குவார். வந்ததும் யாரையும் பார்க்குமுன் தொட்டிகளைப் பார்ப்பார். அடையாறு, மயிலாப்பூர் வீடுகளின் கூடத்தில் மீன்தொட்டி வைப்பது மோகமாகியிருந்த காலம். மிஸ் கேரளா வந்தால் அன்று மாலைக்குள் தீர்ந்துவிடும்.

படித்த பழக்கத்தில், அந்தப் பெட்டியில் செத்துக் கிடந்த மீன் ஒன்றை அறுத்துப் பார்த்தேன். வயிறு நிறைய முட்டை.

"இன்னாம்மா இது? அல்லாத்துக்கும் இப்டிதானா?" என்றார் பாய்.

இன்னும் நான்கை அறுத்தேன். மூன்றில் முட்டை இருந்தது. பாய் உடனே மீன் அனுப்பிய வியாபாரிக்குப் போன் செய்தார். ஆற்றின் கீழ்ப்பகுதியில் மணல் அள்ளி மீனே இல்லாமல் போய்விட்டதாம். அதனால் காட்டுக்குள் ஏறி, முட்டையிடும் இடத்திலேயே வலை போடுகிறார்களாம். "இனிமே இந்த மீன் எனக்கு வாணாம்" என்று பாய் போனை வைத்தார்.

ஏழு மட்டும் உயிரோடு இருந்தன. கடைத்தொட்டியின் நோய் ஒட்டாதிருக்கத் தனி வாளியில் விட்டோம். அடையாற்றில் விட்டுவிடலாமா என்று யோசிக்காமல் கேட்டுவிட்டேன்.

"சைதாப்பேட்டை பாலத்தாண்ட நின்னு பாத்துக்கிறியா? நான் சின்னப்புள்ளையா கீறச்சொல்ல அங்கதான் தூண்டி போடுவோம். இப்போ மனுசன் கால் வெக்க முடியல. இதுங்க பொழைக்குமா?"

மறுநாள் அந்த ஏழு மீன்களையும் எடுத்துக்கொண்டு அவரே கேரளாவுக்கு ரயிலேறினார். நான்காம் நாள் கண் சிவந்து திரும்பினார். வழியில் இரண்டு செத்துவிட்டன. "அஞ்ச உட்டேன்மா. ஒரே துள்ளு, காணோம். ஆனா கரையோரம் பூரா மணல் லாரி நிக்கிது" என்றார். அதன்பின் அந்த மீனைக் கேட்டு வந்த வாடிக்கையாளர்களில் பலர் பக்கத்துத் தெருக் கடைக்குப் போனார்கள். ஆனாலும் பாய் அதை மறுபடி வாங்கவில்லை.

இன்று அது அழிந்துவரும் மீன்களின் பட்டியலில் இருக்கிறது. கல்லூரியில் அழியும் உயிரினங்கள் பற்றிய பாடத்தை நடத்துகிறவள் நான். போன மாதம் வேளச்சேரியில் ஒரு பெரிய கடையில் அந்தக் குங்குமக் கோட்டைப் பார்த்து நின்றுவிட்டேன். "பண்ணையில வளர்த்தது மேடம், பயப்படாம வாங்குங்க" என்றார் விற்பவர்.

"இந்த மீனு ஆத்துல இன்னும் கீதா?" என்றேன்.

அவருக்குத் தெரியவில்லை. கேட்டது என் வாய்தான். வந்தது பாயின் பேச்சு.