ஒரு தாய் பொய் சொல்ல மாட்டார்

அந்தக் கடைசித் தாளைக் கிழித்தது நான்தான். மரியதாஸ் அண்ணன் கொடுத்த புத்தகம் முழுதாகத்தான் இருந்தது. என் கையில்தான் அது குறைந்தது!

மரியதாஸ் அண்ணனை உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் டெல்லித் தமிழ்க் குடும்பங்களுக்கு அவரைத் தெரியும். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்தார். அலுவலக நேரம் போகப் பழைய தமிழ் காமிக்ஸ் விற்றார். ஊருக்குப் போய்வரும்போதெல்லாம் ரயிலில் மூட்டையாகக் கொண்டுவருவார். புத்தகத்தை முதலில் நம்மிடம் கொடுத்துவிடுவார். சில நாள் வைத்துப் பார்க்கலாம். பிடித்தால் வாங்கலாம், இல்லையென்றால் திருப்பலாம்.

மாதம் ஒருமுறை, கைப்பட எழுதி ஜெராக்ஸ் எடுத்து, வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல் அனுப்புவார். விற்பனைக்குள்ள புத்தகங்கள் பின்பக்கம். முன்பக்கம் முழுவதும் 'என் பிழைகள்'. "கரோல் பாக் அன்பருக்குக் கொடுத்த புத்தகத்தில் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. வெயிலில் வைத்தால் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போகவில்லை." "இந்த மாத மந்திரவாதிக் கதை படுமோசம். அட்டை மட்டும்தான் அழகு. வாங்காதீர்கள்."

இப்படி எழுதும் வியாபாரியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? எல்லோரும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் படிப்போம், சிரிப்போம். ஆனால் மரியதாஸ் முழுப் புத்தகம் என்று சொன்னால் அது முழுப் புத்தகம். யாரும் பக்கத்தை எண்ணிப் பார்ப்பதில்லை.

என் மகன் விக்கிக்கு அப்போது ஏழு வயது. வீட்டில் தமிழ் பேசுவான். கோபம் வந்தால் இந்திதான். படிக்க வராது. "பையனுக்குத் தமிழ் வரலேன்னா ஊர்ல உன்னைத்தான் கேப்பாங்க" என்பார் என் கணவர். சிரித்துக்கொண்டுதான் சொல்வார்... எனக்குத்தான் அது சோற்றில் கல்லாகக் கடிபடும். படம் பார்க்கும் ஆசையிலாவது படிப்பானே என்றுதான் காமிக்ஸ் வாங்கினேன்.

ஒரு ஞாயிறு மதியம். அவன் எழுத்துக்களைப் படிக்காமல், படங்களைப் பார்த்துத் தானாக ஒரு கதையை இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தான். நல்ல கதைதான் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

"எழுத்தைப் படிடா!"

"மம்மி, போர் ஹோ ரஹா ஹை..." போரடிக்கிறதாம்.

அடித்தேன். ஒன்றல்ல... முகத்தை மறைக்க அவன் அந்தப் புத்தகத்தையே தூக்கிப் பிடித்தான். அதையும் பிடுங்கினேன். கடைசித் தாள் என் கையோடு வந்துவிட்டது.

வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லியிருக்கலாம்! ஆனால் எப்படிக் கிழிந்தது என்று அவர் கேட்டால்? அதை மடலில் எழுதிவிட்டால்? எம்.ஏ. படித்தவள் பிள்ளையைத் தமிழுக்காக அடிக்கிறாள் என்று டெல்லி முழுக்கத் தெரிந்துவிட்டால்? அவர் தன் பிழைகளை மட்டும்தான் எழுதுவார், பிறர் பிழையை ஒருபோதும் எழுதியதில்லை... அந்த நேரத்தில் அது ஏன் எனக்கு உறைக்கவில்லை?

தாளைக் கசக்கி, காய்கறித் தோலுக்கு அடியில் போட்டேன். புத்தகத்தில் மிச்சமிருந்த பிசிறைக் கத்தரிக்கோலால் சீராக வெட்டினேன். பதற்றத்தில் செய்தது என்று நீங்கள் என்னை மன்னித்துவிடக் கூடாது; அதற்காகவே கத்தரிக்கோலைச் சொல்கிறேன்.

லக்ஷ்மிபாய் நகரில் இருந்த எங்கள் வீட்டுக்கு அண்ணன் வந்தார். "கடைசிப் பக்கம் இல்லண்ணா. வந்தப்பவே இல்ல" என்றேன்.

அவர் புரட்டிப் பார்த்தார். மறுபடியும் புரட்டினார். "நான் எண்ணித்தானம்மா கொடுத்தேன்... எண்ணாம நான் வெளிய எடுக்கறதே இல்லியே..."

கதவருகில் நின்ற விக்கி, "மம்மி, வோ பேஜ் தோ..." என்று அந்தப் பக்கத்தைப் பற்றித் தொடங்கினான்.

"உள்ள போ! ஹோம்வொர்க் முடிச்சியா?"

போனான். போகும்போது என்னைப் பார்த்தான். அண்ணனும் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "சரி தங்கச்சி, என் கண்ணுதான் கெட்டுப்போச்சு போல. பிள்ளையைத் திட்டாதீங்க."

அடுத்த மாத மடலில் முதல் பிழை அதுதான். "கடைசித் தாள் இல்லாத புத்தகத்தை முழுப் புத்தகம் என்று லக்ஷ்மிபாய் நகரில் கொடுத்திருக்கிறேன். எண்ணிப் பார்த்ததாகத்தான் எனக்கு நினைவு. ஆனால் ஒரு தாய் பொய் சொல்ல மாட்டார். ஆகவே பொய் சொன்னது என் நினைவுதான். சுட்டிக்காட்டிய சகோதரிக்கு நன்றி."

நன்றி!

இத்தோடு நின்றிருந்தால்கூட... நிற்கவில்லை. பனிமூட்டமான ஒரு காலையில் பள்ளிப் பேருந்துக்காகக் காத்திருந்தோம். பக்கத்து பிளாக் ஜெயந்தி மாமி, அந்த மடலைப் பற்றிப் பேச்செடுத்தாள்.

"ஓட்டைப் புஸ்தகத்தை வித்துட்டு, மன்னிப்பையும் ஜெராக்ஸ் எடுத்து அனுப்பறார் பாரேன். கெட்டிக்காரர்! அந்த சகோதரி யாருடீ? நம்ம காலனிதானே?"

எல்லோரும் திரும்பினார்கள். "நான்தான் மாமி" என்றேன். "கேட்டப்போ முழிச்சார், பாவம்" என்று நானாக ஒன்றைச் சேர்த்தும் சொன்னேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஷாலுக்குள் விக்கியின் கை என் கையிலிருந்து மெல்ல நழுவியது.

அதன்பிறகு எல்லோரும் பக்கம் எண்ணத் தொடங்கினார்கள். முன்பு கண்ணை மூடி வாங்கியவர்கள், மடங்கிய மூலையைக்கூடக் காட்டிப் பேரம் பேசினார்கள். அவர் எதையும் மறுக்கவில்லை. மடலில் பிழைகள் ஏறிக்கொண்டே போயின. எவை அவருடையவை, எவை எங்களுடையவை என்று யாருக்குத் தெரியும்? கடைசியாக வந்த மடலில் ஒரே வரிதான் இருந்தது: "என் கண்ணை நம்பி இனி யாருக்கும் வாக்குக் கொடுக்க என்னால் முடியவில்லை."

துணிந்து ஒருநாள் போன் செய்தேன். சொல்லிவிடத்தான் செய்தேன், நம்புங்கள். அவர் மனைவி எடுத்தார்.

"அவரு இப்ப யாருக்கும் புக்கு கொடுக்கறதில்லம்மா. கண்ணு டாக்டர் ஒண்ணுமில்லன்னுட்டாரு. ஆனாலும் ஒரே புக்க எண்ணுவாரு, வைப்பாரு, திரும்ப எடுத்து எண்ணுவாரு... நீங்க லக்ஷ்மிபாய் நகர் தங்கச்சிதான? மூஞ்சிக்கு நேரா உண்மையச் சொன்னது அந்தப் பிள்ள ஒண்ணுதான்னு உங்களப் பத்தி எப்பவும் சொல்லுவாரு. கூப்பிடட்டா?"

"வேண்டாம் அக்கா... சும்மாதான் பண்ணேன்."

அவருக்குக் கோபம் வரும் என்று நான் பயப்படவில்லை. வராது! "சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டுக்குப் பழைய புத்தகம் கொடுத்தது என் தப்பு" என்பார். அதைத்தான் என்னால் கேட்க முடியாது.

அவரிடம் சொல்லாததை எங்களிடம் ஏன் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். உங்களுக்கு என் முகம் தெரியாது. அன்று அந்தப் பேருந்து நிறுத்தத்தில் என்னோடு நின்று சிரித்தவர்களும் நீங்கள் இல்லை... அவ்வளவுதான் என் துணிச்சல்.