கம்பெனி மேட்டில் ஏறிய ராசம்மாள்

ராசம்மாள் வாயைத் திறந்தால் மூட மாட்டாள் என்பது மரக்காணம் உப்பளத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பாத்தியில் சேறு மிதிக்கும்போது பேசுவாள். தலையில் உப்புக்கூடையோடு வரப்பில் ஓட்டமும் நடையுமாகப் போகும்போது பேசுவாள். வாயில் சோறு இருக்கும்போதும் பேசுவாள். மேஸ்திரி கொளஞ்சி அவளுக்கு வைத்த பெயர் எக்ஸ்பிரஸ். "எந்த ஸ்டேஷன்லயும் நிக்காது இந்த வண்டி" என்பான். அவளுக்கு அதில் கோபமே கிடையாது, பெருமைதான். அப்பேர்ப்பட்டவள் 2005 சித்திரையில் நாள்கணக்காக யாரிடமும் பேசாமல் திரிந்தாள் என்றால் நம்ப முடிகிறதா? அவள் புருஷன் சிவப்பிரகாசம் நிஜமாகவே பயந்துவிட்டான். வேப்பிலை அடிக்க ஆள் கூப்பிடலாமா என்று பக்கத்து வீட்டில் கேட்டும் வைத்தான்.

பேயும் இல்லை, பிசாசும் இல்லை. மனசுக்குள் கம்பெனி கதையை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் கம்பெனி மேட்டில் ஏறிக் கதை சொல்லப் போவது அவள்தான்!

கம்பெனி மேடு என்பது உப்பளத்துக்கு நடுவே நீளமாக ஓடும் ஒரு மண்மேடு. வெள்ளைக்காரன் காலத்தில் லண்டன் கம்பெனி ஒன்று அதன்மேல் உப்பு ரயில் விட்டது என்று இங்கே உள்ளவர்கள் சத்தியம் பண்ணுவார்கள். தண்டவாளம் இல்லை, ஸ்டேஷன் இல்லை, துருப்பிடித்த ஆணி ஒன்றுகூட மிச்சமில்லை. கார்டையா மட்டும் இருக்கிறார். மேட்டு நுனியில் ஒரு கல், கல்லைச் சுற்றிப் பச்சைத் துணி, அதன்மேல் மாலை மாதிரி தொங்கும் ஒரு விசில். சந்தியாகு என்ற அந்த ரயில் கார்டுக்கு இந்துக்கள் கற்பூரம் ஏற்றுவார்கள், கிறிஸ்தவர்கள் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். படைக்கிற சுருட்டு மட்டும் இரண்டு பேருக்கும் பொது.

வருஷா வருஷம் முதல் உப்பு வாருவதற்கு முன்னால் எல்லாரும் மேட்டடியில் கூடுவார்கள். ஒருவர் மேலே ஏறி, கம்பெனி பிறந்ததிலிருந்து செத்தது வரைக்கும் கதையைச் சொல்லி, விசில் ஊதிப் பச்சைக்கொடி காட்ட வேண்டும். அதற்கப்புறம்தான் வாருபலகை பாத்தியில் இறங்கும். கதையில் தப்பு வந்தால் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் "சிகப்பு!" என்று கத்தலாம். கத்திவிட்டால் தீர்ந்தது. அன்றைக்கு ஒருத்தரும் உப்பில் கை வைக்கக் கூடாது. மறுநாள் வேறு ஆள் ஏறி மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். கத்தியவரே மேடேறி "பச்சை" என்று சொன்னால் மட்டும் விலக்கு உண்டு. ஆனால் அப்படிச் சொன்னவர் யாரும் கிடையாது. சொன்ன வார்த்தையை ஊருக்கு முன்னால் விழுங்க எவனுக்கு மனசு வரும்?

கதை சொன்னது இத்தனை காலமும் சிவப்பிரகாசம்தான். முந்தின டிசம்பர் சுனாமியில் கடல் உள்ளே வந்தபோது அவன் சேற்றுத் தண்ணீரை வயிறு முட்டக் குடித்துவிட்டான். உயிர் தப்பியது, குரல் போய்விட்டது. வாயைத் திறந்தால் சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற சத்தம்தான் வரும். பாத்தி பூராவும் கடல் கொண்டுவந்து கொட்டிய கறுப்புச் சேறு. அதை வெட்டி அள்ளி, தரையை மிதித்து இறுக்கி, தண்ணீர் கட்டி, உப்பு பூப்பதற்குள் சித்திரை வந்துவிட்டது. மாசியிலேயே கூலி பார்த்துவிடும் குடும்பங்கள் நிவாரண அரிசியைப் பொங்கித் தின்றுகொண்டு முதல் உப்புக்குக் காத்துக் கிடந்தன.

"நான் சொல்றேன்" என்று, கதை சொல்ல ஆள் தேடிக் கூடிய கூட்டத்தில் ராசம்மாள் எழுந்து நின்றபோது, குத்தகைக்காரர்களுக்கெல்லாம் தலைவரான சகாதேவன் சிரித்தார்.

"பொம்பள மேடேறுனா ரயிலு ரிவர்ஸ்ல பூடும்மா."

"போவட்டும்ண்ணே. எங்க வூட்டுக்காரரவுட எனக்கு நல்லா தெரியும். வேற யாருக்காவது முழுக் கதையும் தெரியும்னா சொல்லச் சொல்லுங்க, நான் உக்காந்துக்கிறேன்."

ஆம்பளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் ஆரம்பம் தெரியும், முடிவு தெரியும், நடுவில்தான் சேறு. சகாதேவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரி, பாப்போம்" என்றார்.

அந்தக் கதை அவளுக்கு வெறும் கதை இல்லை. இடையஞ்சாவடி முந்திரிக்காட்டு நிழலில் வளர்ந்த பெண் அவள். கல்யாணமாகி இங்கே வந்தபோது வெயில் மேலேயும் அடித்தது, உப்பில் பட்டுக் கீழேயிருந்தும் அடித்தது. காலெல்லாம் வெடிப்பு, வெடிப்பெல்லாம் உப்பு. அழுதுகொண்டே கூடை சுமந்தவள், முதல் உப்பு நாளில் புருஷன் மேடேறி லண்டன், கம்பெனி, எஞ்சின் என்று அடுக்கியதைக் கேட்டு அப்படியே வாயைப் பிளந்து நின்றுவிட்டாள். "இந்தப் பொட்டலுக்கா சீமையிலேர்ந்து வந்தானுங்க?" என்று அன்றைக்குக் கேட்க ஆரம்பித்தவள்தான், இன்றுவரை கேள்வி ஓயவில்லை.

ஆனால் அந்தக் கதையில் ஓரிடம் அவளுக்குத் தொண்டையில் முள். உப்பு ஏற்றிய வண்டி புறப்படத் தயாராக நிற்கிறது. மழை இருட்டிக்கொண்டு வருகிறது. சக்கரத்துக்கு அடியில் ஒரு கன்றுக்குட்டி படுத்திருப்பதைக் கார்டு சந்தியாகு பார்த்துவிடுகிறார். சிகப்புக் கொடியைப் பிடித்தவர் இறக்கவே மாட்டேன் என்கிறார். மழை கொட்டி வண்டியிலிருந்த உப்பெல்லாம் கரைந்து போகிறது. "ஏன் வண்டியை விடவில்லை?" என்று துரை கேட்கிறான். கார்டு வாயைத் திறக்கவில்லை. வேலை போகிறது. செத்ததும் சாமியாகிவிடுகிறார்.

"யோவ், புல்லு பூண்டு மொளைக்காத உப்பளத்துல கன்னுக்குட்டிக்கு இன்னாய்யா வேல?" என்று புருஷனிடம் கேட்டாள். "கன்னுக்குட்டிதான் தொரேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவரு வேல தப்பியிருக்குமே. ஏன் சொல்லல?" சிவப்பிரகாசம் கையெடுத்துக் கும்பிட்டான். அவன் அப்பன் சொன்னதை அவன் சொல்கிறான், அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும்.

அந்த வருஷம் சேறு மிதிக்கும்போது ஒருநாள் ஆராயி பக்கத்தில் இருந்தாள். ஆராயி, சகாதேவனைப் பெற்றவள். மகன் குத்தகைக்காரனாவதற்கு முன்னால் அவளும் கூலிக்கு மிதித்தவள்தான். ராசம்மாள் கன்றுக்குட்டிப் பேச்சை எடுத்ததும் கிழவி காறித் துப்பினாள். "கன்னுக்குட்டியாம் கன்னுக்குட்டி. சிந்துன உப்ப பொறுக்கப் பூந்த பொம்பளைங்கடி அது" என்றவள், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு நாலு தப்படி தள்ளிப்போய் மிதித்தாள். அதற்கப்புறம் எவ்வளவு நோண்டியும் பெயரும் சொல்லவில்லை, ஊரும் சொல்லவில்லை. ராசம்மாளுக்குத் தூக்கம் போனது அன்றைக்குத்தான்.

முதல் உப்பு நாள் விடிந்தபோது வானம் பளிச்சென்று இருந்தது. கூட்டம் கூடிக் கற்பூரம் ஏற்றுவதற்குள் மேற்கே திண்டிவனம் பக்கம் கருத்துக்கொண்டு வந்துவிட்டது. கோடை மழை! பாத்திகளில் உப்பு வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடக்கிறது. ஒரு பாட்டம் அடித்தால் அத்தனையும் தண்ணீர்தான். வாரி அம்பாரம் போட்டு ஓலை மூடிவிட்டால் பிழைக்கும். "சீக்கிரம் சொல்லி முடிம்மா எக்ஸ்பிரஸ்!" என்று கொளஞ்சி கீழேயிருந்து கத்தினான். மேடேறி நின்ற ராசம்மாள் கல்லில் தொங்கிய விசிலை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"கேளுங்க! லண்டன்ல பெரிய மனுஷனுங்க கூடி ஒரு கம்பெனி ஆரம்பிச்சானுங்க. மரக்காணம் எந்தத் தெசைன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. உப்பு ரயிலு வுடறோம், பங்கு வாங்குங்கன்னான். நஷ்டம் வந்தா இன்னா பண்றது? சர்க்காரு வட்டி குடுக்கும்னு கையெழுத்து வாங்கிட்டான்! ரயிலு ஓடுனாலும் வட்டி, ஓடாட்டியும் வட்டி. வேலைக்கே போவாத மாப்பிள்ளைக்கு மாசாமாசம் சீரு! அந்த வட்டி எங்கேர்ந்து வந்துது?"

"உப்பு வரியிலேர்ந்து!" என்று கூட்டம் ஒரே குரலில் கத்தியது.

"ஆமா! நாம வார்ன உப்ப நாம திங்கறதுக்கு வரி கட்னோம். அந்த வரியில அவனுக்கு வட்டி. அப்புறம் ரயிலு ஏன் ஒழுங்கா ஓடணும்? சேத்து மேல தண்டவாளம் போட்டான். எஞ்சினு வந்த அன்னிக்கே அச்சு வரைக்கும் எறங்கிடுச்சி. ரயில இழுத்து வுட்டது யாரு?"

"நம்ம ஊரு மாடு!"

சீட்டி பறந்தது, சிரிப்பு அலையடித்தது. சிவப்பிரகாசம் குரல் போன துக்கத்தை மறந்து கைதட்டினான். அவனே இவ்வளவு ஜோராகச் சொன்னது கிடையாது! ராசம்மாள் மேட்டின் மேல் அப்படியும் இப்படியும் நடந்தாள், தண்டவாளம் பதித்த பெண்களின் தலையில் கல்லேற்றினாள், எஞ்சினை ஊத வைத்தாள், சந்தியாகுவைக் கொடியோடு கொண்டுவந்து நிறுத்தினாள். அங்கே அவளும் நின்றுவிட்டாள்.

கீழேயிருந்து சிவப்பிரகாசம் இரண்டு விரலைக் கொம்பு மாதிரி தலையில் வைத்துக் காட்டினான். கன்னு, கன்னு! அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்தான், பாவம்.

"வண்டிக்கு அடியில கன்னுக்குட்டி இல்ல" என்றாள் ராசம்மாள். "பொம்பளைங்க இருந்தாங்க. நம்ம உப்பளத்துப் பொம்பளைங்க. தரையில சிந்துன உப்பப் பொறுக்குனாலே திருட்டு, புடிச்சா ஜெயிலு. வூட்ல கஞ்சிக்கு உப்பு இல்லாம பூந்து பொறுக்கிக்கினு இருந்தாங்க. கார்டையா பாத்துட்டாரு. வண்டிய வுட்டா அவங்க சாவாங்க. ஏன் வுடலன்னு வாயத் தொறந்தா அவங்க ஜெயிலுக்குப் போவாங்க. அதான் அவரு தொறக்கவே இல்ல!"

"சிகப்பு!"

கத்தியது சகாதேவன். முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது. "நம்ம ஊரு பொம்பளைங்கள திருடிங்கன்றியா? கார்டையா முன்னால நின்னுக்கினு? சிகப்பு!"

அவ்வளவுதான், கூட்டம் கலைத்த தேன்கூடாகிவிட்டது. ஒருத்தன் அவளை ஏசினான், ஒருத்தன் வானத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். மேற்கே இடி உருண்டது. ஈரக்காற்று முகத்தில் பட்டது. கொளஞ்சி அழாத குறையாக, "எங்க வயித்துல அடிச்சிட்டியே ராசம்மா!" என்றான். அந்த வார்த்தை அவளைச் சுருட்டிப் போட்டது. ஐயோ, என்ன காரியம் பண்ணிவிட்டோம்! நிவாரண அரிசி தீர்ந்த வீடுகள் எத்தனை என்று அவளுக்குத் தெரியாதா?

சகாதேவன் மேட்டடிக்கு வந்தார். அவருடைய உப்பும்தான் அங்கே கிடக்கிறது. குரலைத் தணித்துக்கொண்டார். "இந்தாம்மா, ஒண்ணும் கெட்டுப் பூடல. கன்னுக்குட்டின்னு ஒரு வார்த்த சொல்லு. நானே மேல வந்து பச்சன்னு சொல்றேன். உப்பும் பொழைக்கும், நீயும் பொழைப்ப."

ராசம்மாள் பாத்தியைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஒரே ஒரு வார்த்தைதானே. சொல்லிவிட்டால் எல்லார் வீட்டிலும் உலை கொதிக்கும். தோற்றுப்போன ஆத்திரத்தோடு வாயைத் திறந்தாள்.

"சொல்லாதடி!"

குரல் மேட்டடியிலிருந்து வந்தது. சாக்கை விரித்து உட்கார்ந்திருந்த ஆராயி, கொளஞ்சியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். மகனுக்கு முன்னால் வந்தாள்.

"டேய் சகாதேவா, அந்த வண்டிக்கு அடியில கெடந்தவ எங்கம்மாடா. மடி நெறைய உப்பு. தலைக்கு மேல வண்டி. வாயில சீலைய அடைச்சிக்கினு கெடந்தாளாம். திருடின்னு பேரு வந்துடும்னு உங்க தாத்தாதான் கன்னுக்குட்டின்னு கட்டி வுட்டாரு. நானும் வாய மூடிக்கினு இருந்துட்டேன். என்ன பெத்தவள இன்னும் எத்தினி வருஷம்டா கன்னுக்குட்டின்னுவீங்க?"

 சகாதேவன் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.  முதல் மழைத்துளி அவர் துண்டில் விழுந்தது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மேட்டில் ஏறினார். ஏறும்போது சறுக்கியவரை ராசம்மாள்தான் கைகொடுத்துத் தூக்கினாள். கல்லுக்கு முன்னால் நின்று, உப்பளம் பூராவும் கேட்கிற மாதிரி, "பச்சை!" என்று கத்தினார்.

அடடா, அப்புறம் பார்க்க வேண்டுமே! "மிச்சக் கத!" என்று யாரோ ஞாபகப்படுத்த, ராசம்மாள் ஒரே மூச்சில் அவிழ்த்துவிட்டாள். "சீமையில சண்ட வந்துது, தண்டவாளத்தப் பேத்துக் கப்பல்ல ஏத்திட்டான், கம்பெனி செத்துது, லண்டன்காரனுக்குப் போட்ட பணம் வந்துடுச்சி, நமக்கு மேடு வந்துது, ஓடுங்கடி!" விசில் வீறிட்டது. கொடி பறந்தது. ஆணும் பெண்ணும் விழுந்தடித்துப் பாத்திகளில் இறங்கினார்கள். சகாதேவனே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பலகை பிடித்தார். ராசம்மாள் கூடையோடு ஓடிக்கொண்டே பேசினாள், பேசிக்கொண்டே ஓடினாள். ஓரத்துப் பாத்திகள் கரைந்துதான் போயின. ஆனால் பெரிய மழை இறங்குவதற்குள் அம்பாரங்கள் எழும்பிவிட்டன, ஓலையும் ஏறிவிட்டது.

எல்லாரும் நனைந்துகொண்டு சிரித்தபடி நிற்கும்போது ஆராயி மெதுவாக அம்பாரத்துக்கு வந்தாள். ஓலையை விலக்கி ஒரு கை உப்பை அள்ளினாள். ஊரே பார்க்க, அவசரப்படாமல், முந்தானையில் போட்டு முடிந்தாள்.

"இப்ப யாரும் புடிச்சிக்கினு போவ மாட்டாங்க இல்ல?" என்று மகனைக் கேட்டாள்.

சகாதேவன் இன்னும் ஒரு கை அள்ளி அவள் மடியில் போட்டார்.