நான் கையெழுத்து வைக்கச் சொன்ன கப்பல்

இருபது வருடமாகக் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு டியூட்டரியில் உயர்தர மாணவர்களுக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். சர்வதேச உறவுகள் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. யதார்த்தவாதம், தாராளவாதம், அதிகாரச் சமநிலை எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இந்தத் திமிர்தான் என் தம்பியை மாட்டிவிட்டது.

தம்பிக்குக் கப்பலில் வேலை. கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு ஒருவர் துறைமுகத்திலோ கப்பலிலோதான். போன வருடம் அவன் போன சரக்குக் கப்பல் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது. நின்றது நின்றதுதான். சொந்தக்காரக் கம்பனி கப்பலைக் கைகழுவிவிட்டது. கம்பனி ஒரு நாடு, கப்பலில் பறந்த கொடி இன்னொரு நாடு, நின்ற கடல் மூன்றாவது நாடு. அந்த மூன்றாவது நாட்டு நீதிமன்றம் கட்டாத பாக்கிக்காகக் கப்பலைத் தடுத்து வைத்தது.

மாலுமிகள் வீட்டுக்குப் போகலாம், ஆனால் கப்பலுக்குப் பொறுப்பாக ஒருவர் கையெழுத்து வைக்க வேண்டும் என்று ஒரு கடதாசி வந்தது. எழுதியிருந்தது அந்த நாட்டு மொழியில், கொண்டுவந்தவர் வாயால் சொன்னது அவ்வளவுதான். மற்றவர்கள் எல்லோரும் கையெழுத்து வைக்காமல் நைசாக நழுவிவிட்டார்கள். தம்பி எனக்குக் கோல் எடுத்தான். எங்கள் வீட்டில் கடதாசி என்றால் என்னிடம்தான் வரும், தண்ணீர் பில்லில் இருந்து ஞானஸ்நானச் சான்றிதழ் வரை.

"அக்கா, சைன் பண்ணட்டா?"

நான் அப்போதுதான் தாராளவாதம் படிப்பித்து முடித்திருந்தேன். ஒத்துழைத்தால் நம்பிக்கை வளரும், நம்பிக்கை வளர்ந்தால் எல்லோருக்கும் நன்மை. போர்டைக்கூட இன்னும் அழிக்கவில்லை.

"பண்ணு தம்பி. நீ ஒத்துழைச்சாத்தான் அவங்களும் உனக்கு உதவி செய்வாங்க. மாட்டன் எண்டு நிண்டா சந்தேகப்படுவாங்க."

"நீங்க சொன்னாச் சரி."

அடுத்த கிழமையே மற்ற எல்லோரும் விமானம் ஏறினார்கள். தம்பியை விடவில்லை. கப்பல் ஏலத்தில் விற்கும் வரைக்கும் அதைக் காவல் காக்க வேண்டியவன் அவன் என்று அந்தக் கடதாசியில் இருந்ததாம். பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஏலம் இரண்டு தரம் போட்டும் வாங்க ஆள் வரவில்லை. இருட்டிக் கிடந்த ஒரு இரும்பு மலையில் அவன் தனியாக இருந்தான். வாரம் ஒருமுறை தண்ணீர் கொண்டுவரும் படகுக்காரர் போனுக்குச் சார்ஜ் போட்டுக் கொடுப்பார். அன்றைக்குத்தான் கதைப்பான்.

நான் அலைந்தேன். கொடிக்கார நாடு, கப்பல் நிற்கும் நாட்டின் சட்டம் என்றது. நிற்கும் நாடு, சொந்தக்காரரைக் கேள் என்றது. சொந்தக்காரரின் நாடு பதிலே போடவில்லை. நம்மூர் வெளிவிவகார அமைச்சில் ஒரு அதிகாரி இருந்தார், நல்ல மனிதர். தேநீர் தந்து, பைலைப் புரட்டி, சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார், நாங்கள் கேட்டுப் பார்க்கலாம் மிஸ், சிறிய நாடு, கேட்கத்தான் முடியும் என்று. பலமுள்ளவன் வைத்ததுதான் சட்டம், அது யதார்த்தவாதத்தின் முதல் பாடம். நானே எத்தனை தரம் படிப்பித்திருப்பேன். அவரோடு சண்டை பிடிக்கக்கூட எனக்கு வழி இருக்கவில்லை.

அந்தக் கிழமை வகுப்பில் இறைமை. ஒவ்வொரு அரசுக்கும் தன் எல்லைக்குள் மேலான அதிகாரம் உண்டு, அரசுகளுக்கு மேலே ஒரு அரசு இல்லை என்று எழுதிப் போட்டேன். முன்வரிசைப் பிள்ளை ஒன்று கையை உயர்த்தியது.

"மிஸ், அப்ப ஒரு ஆள் ரெண்டு மூண்டு நாட்டுக்கு நடுவில மாட்டுப்பட்டா யாரிட்டப் போய்ச் சொல்றது?"

"அது சிலபஸில இல்லை," என்றேன். பிள்ளை சிரித்தது. எனக்கு என் மீதே வெறுப்பு வந்தது.

அடுத்த முறை தம்பி எடுத்தபோது நான் வகுப்பு முடிந்து வெள்ளவத்தைக் காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன்.

"அக்கா, படகுக்காரர் என்னை ஒளிச்சுக் கரையில இறக்கி விடுறன் எண்டுறார். பிடிபட்டா ஜெயில்தான். இங்க இருந்தா எத்தின வருஷமோ தெரியாது. குடிக்கிற தண்ணியெல்லாம் துரு மணக்குது. இறங்கட்டா, நிக்கட்டா? நீங்க சொல்லுங்க."

அவன் குரலில் ஒரு துளி கோபம் இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இறங்கு என்று சொல்லப் பயமாக இருந்தது, நில் என்று சொல்ல அதைவிடப் பயமாக இருந்தது. போனைக் கட் பண்ணினேன். பஸ்ஸில் ஏறி இருந்துகொண்டு, லைன் கட்டாகிவிட்டது தம்பி என்று பொய்யாக ஒரு மெசேஜ் போட்டேன்.

உடனே பதில் வந்தது.

"பரவாயில்லை அக்கா. ஆறுதலா யோசிச்சுச் சொல்லுங்க. படகை நிக்கச் சொல்லியிருக்கிறன்."