ரேடியோ ஓட்டும் சைக்கிள்

உடுவிலில் இருந்து யாழ்ப்பாணக் கந்தோர்களுக்கு வேலைக்குப் போகும் சைக்கிள் கூட்டத்தில், தங்கராசா அண்ணையின் கரியரில் நான் உட்கார்ந்திருக்கிறேன். யுத்தத் தடையால் பற்றறி கிடைக்காத ஊர் இது. முன்கூடையில் இருக்கும் ரேடியோவை அவர் சைக்கிள் டைனமோவில் இணைத்திருக்கிறார். அவர் மிதிக்கும்வரை அது பேசும். மற்றவர்கள் அதைக் கேட்டபடியே ஒட்டி வருகிறார்கள்.

“கால் நோகாதோ, அண்ணை?”

“சோறுதான் எங்கடை பற்றறி, ஐசே! காலமைச் செய்தி முடியேக்கை கந்தோர் வாசல் வந்திடும்.”

எல்லாரும் சிரிக்கிறார்கள். செய்தி தொடங்குகிறது. நேற்றிரவு கடலேரியில் ஒரு வள்ளம் சுடப்பட்டதாம். இறந்தவர்களின் பெயர்களை வாசிக்கிறார்கள். சிரிப்பு அப்படியே அறுந்துபோகிறது.

பக்கத்தில் வரும் சவிரி கத்துகிறார்: “அண்ணை, நிப்பாட்டிப் போடாதேங்கோ! என்ரை தம்பி நேற்றிரவுதான் வள்ளம் ஏறினவன்!”

அண்ணைக்கு மூச்சு வாங்குகிறது. ரேடியோவின் குரல் தேய்கிறது. என் பாரம்தான் காரணம் என்று உறைத்ததும் குதித்து இறங்குகிறேன். சைக்கிள் பாய்கிறது. குரல் உரத்து, என் காதுக்கு எட்டாத தூரம் போய்விடுகிறது. நடுவீதியில் நின்று பார்க்கிறேன்.

தூரத்தில் சவிரி மட்டும் தன் சைக்கிளை வீதியில் விழவிட்டு, அதன் பக்கத்திலேயே குந்துகிறார்.