பிரெஞ்சு எழுத்துக்கு கீபோர்டு மாற்றிய கதை

1. தலையில் கோடு

தொண்ணூறுகளின் பின்பாதியில் மைசூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் இன்ஜினியராக இருந்தேன். இன்ஜினியர் என்பது விசிட்டிங் கார்டில் இருந்த சொல். படித்தது டிப்ளமோதான். அக்ரஹாரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகப்போன சமயம், வேலையை நிரந்தரமாக்கும் கன்ஃபர்மேஷன் இன்னும் ஆகவில்லை. அந்த வயதில் எனக்குத் தெரியாதது உலகத்தில் ஏதாவது இருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

விஜயநகரில் கேசவன் சார் என்று ஒரு கஸ்டமர். ஊதுபத்தி ஏற்றுமதி செய்பவர். வீட்டின் கீழ்த்தளத்தில் ஆபீஸ். தமிழர்தான், ஆனால் மைசூரிலேயே பிறந்து வளர்ந்ததால் கோபம் வந்தால் கன்னடம் முந்திக்கொள்ளும். அப்போதுதான் ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். பிரான்சில் இருந்த அவருடைய வியாபாரி ஒருவர், தன் பெயரையும் பெட்டி மேல் ஒட்டும் லேபிளையும் பிரெஞ்சு முறைப்படி, எழுத்துகளின் தலையில் வரும் கோடுகளோடு சரியாக அடித்து அனுப்பச் சொல்லிக் கடிதம் போட்டிருந்தார். அதைச் செய்து தரத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

கம்ப்யூட்டர் முன்னால் சுலோச்சனா மேடம் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதைத் தாண்டியவர். அந்த ஆபீஸில் பதினான்கு வருடமாக டைப்ரைட்டர் அடித்தவர். கம்ப்யூட்டர் வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது.

"டைப்ரைட்டர்லயும் நான்தான் தம்பி இதெல்லாம் அடிச்சேன்" என்றார். "e அடிச்சு, பேக்ஸ்பேஸ் தட்டி, அதும் மேலயே ஒத்தக் கோட்டைப் போடுவேன். இதுல பேக்ஸ்பேஸ் தட்டினா எழுத்தே போயிடுது. முதல் நாள் ஒரு பக்கத்தையே அழிச்சுட்டேன்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கேசவன் சார் சிரிக்கவில்லை. என்னை வாசலுக்கு அழைத்துப்போய், ஆனால் உள்ளே கேட்கும்படியாகவே சொன்னார்:

"ஒரு மாசம் டைம் கொடுத்திருக்கேன். கம்ப்யூட்டர் கைக்கு வந்துதா, சரி. இல்லேன்னா கம்ப்யூட்டர் கிளாஸ் முடிச்ச பொண்ணு ஒண்ணு ரெடியா இருக்கு. நீயும் ஸ்வல்ப பாத்து சொல்லு."

மேடத்தின் கணவர் வேலை பார்த்த மில் மூடி இரண்டு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் இவர் ஒருவர் சம்பளம்தான். இதையும் கேசவன் சாரே சொன்னார். தெரிந்துகொண்டேதான் கெடு வைத்திருந்தார்.

2. ஐந்து நிமிட வேலை

பிரெஞ்சு எழுத்து அடிக்க அப்போது இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ஆல்ட் கீயைப் பிடித்துக்கொண்டு வலது பக்க நம்பர் கீகளில் 0233 என்று தட்டினால் é வரும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நம்பர். சுவரில் சார்ட் ஒட்டிவைத்துப் பார்த்துப் பார்த்து அடிக்க வேண்டும். இரண்டாவது, கன்ட்ரோல் பேனலில் கீபோர்டு லேஅவுட்டையே இன்டர்நேஷனல் என்று மாற்றிவிடுவது. மாற்றினால் மேற்கோள் குறி கீயை அழுத்தியவுடன் எதுவும் வராது. அது அடுத்த எழுத்துக்காகக் காத்திருக்கும். அடுத்து e தட்டினால் இரண்டும் சேர்ந்து é ஆகும்.

எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது, பார்க்க வித்தை போல இருக்கும். சிடி போட்டு மாற்றினேன். மேடத்துக்கு நாலு எழுத்து அடித்துக் காட்டினேன். அவர் உடனே பிடித்துக்கொண்டு அந்த வியாபாரியின் பெயரைப் பிழையில்லாமல் அடித்தார். கேசவன் சார் என் முதுகில் தட்டினார், காபி வந்தது. ஐந்து நிமிட வேலைக்கு இவ்வளவு மரியாதையா என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோய் ஸ்கூட்டரை எடுத்தேன்.

நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்தக் கீ பிரெஞ்சுக்கு மட்டும் காத்திருக்காது. ஆங்கிலத்துக்கும் காத்திருக்கும்.

மூன்றாம் நாள் மேடம் எங்கள் ஆபீஸுக்குப் போன் செய்தார். "தம்பி, அந்தக் கொட்டேஷன் கீ லேட்டா விழற மாதிரி இருக்கு."

"புதுசுல அப்படித்தான் இருக்கும் மேடம், பழகிடும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். வாயில் பாதி வடை இருந்தது.

3. அறுபது கடிதங்கள்

அடுத்த வாரம் கேசவன் சாரிடமிருந்து போன். குரலைக் கேட்டவுடனேயே ஸ்கூட்டர் சாவியை எடுத்துவிட்டேன்.

புதிய வாசனைகளை அறிமுகப்படுத்தி அறுபது டீலர்களுக்கு ஆங்கிலத்தில் கடிதம் போயிருந்தது. ஒவ்வொரு வாசனையின் பெயரும் இரட்டை மேற்கோள் குறிக்குள். ரோஸ், ஜாஸ்மின் எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஆம்பர் என்ற பெயரில் மட்டும் முன்னால் இருக்கவேண்டிய குறியைக் காணோம். A-யின் தலையில் இரண்டு புள்ளி உட்கார்ந்திருந்தது. ஆர்க்கிட்டுக்கும் ஈவ்னிங்குக்கும் அதே கதி. பெயர் முடிந்து குறி போட்ட இடத்தில் எல்லாம் அடுத்த வார்த்தை வந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஹூப்ளி டீலர் போன் பண்ணி ஜெர்மன் சரக்கான்னு கேக்கறான். ஏனு கதை இது?" என்று கடிதத்தை மேஜையில் போட்டார் கேசவன் சார். "நான் அப்பவே நெனச்சேன், இவங்களுக்கு இது வராதுன்னு."

அறுபதிலும் கையெழுத்துப் போட்டவர் அவர்தான், ஒன்றையும் படிக்காமல். அதை யார் சொல்வது?

எனக்குப் பார்த்தவுடனே புரிந்துவிட்டது. காத்திருந்த இரட்டைக் குறி A-யைப் பார்த்ததும் இரண்டு புள்ளியாகி அதன் தலையில் ஏறிவிட்டது. ஸ்பேஸ் பாரைத் தட்டினால் அந்த ஸ்பேஸையே விழுங்கிவிட்டது. எல்லாம் நான் வைத்த லேஅவுட். கன்ஃபர்மேஷனுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

"ஸ்கிரீனைப் பாக்காம அடிச்சா இப்படித்தான் ஆகும் சார்" என்றேன்.

பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் முதல் நாளே சொல்லித்தருவது, கண் காப்பியை, அதாவது பார்த்து அடிக்கும் தாளை, விட்டு நகரக் கூடாது என்பது. மேடம் அதைப் பதினான்கு வருடம் மீறியதில்லை. அந்தப் பழக்கத்தின் மேல் என் தப்பை ஏற்றிவைத்தேன்.

அது போதாதென்று எழுத்திலும் வைத்தேன். ஒவ்வொரு சர்வீஸ் காலுக்கும் ஒரு ரிப்போர்ட் எழுதி கஸ்டமரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம். எங்கள் ஆபீஸில் எல்லோரும் அதில் ஆபரேட்டர் எரர் என்றுதான் எழுதுவோம். அப்படி எழுதினால் மேனேஜர் கேள்வி கேட்க மாட்டார், இன்ஜினியர் பெயரில் எதுவும் ஏறாது. கை தானாக எழுதியது.

கேசவன் சார் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே ஒரு போனுக்குப் போனார். ஆபீஸ் பேப்பர்களை ஃபைல் பண்ணுவது மேடத்தின் வேலை என்பதால் ரிப்போர்ட் அவர் மேஜைக்குப் போனது. எடுத்துப் படித்தார்.

"சார்" என்றார். அதுவரை தம்பி. "பதினாலு வருஷமா இங்கிலீஷ்தான் அடிக்கிறேன். நீங்க என்ன எழுதியிருக்கீங்கன்னு எனக்குப் படிக்கத் தெரியும். இந்தப் பேப்பர் போதும், அவர் என்னை அனுப்பறதுக்கு."

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். காப்பியைப் பார்க்காமல் ஸ்கிரீனையே பார்த்தபடி, ஒவ்வொரு எழுத்தாக, மேற்கோள் குறியோடு ஆம்பர் என்று ஆங்கிலத்தில் அடித்தார். குறியைக் காணோம், தலையில் இரண்டு புள்ளி.

"பாக்காம அடிச்சேன்னு சொன்னீங்க. இப்ப பாத்துதான் அடிச்சேன். இப்ப நீங்க அடிங்க."

நான் இரண்டு விரலால் அடிக்கிறவன். கீயைத் தேடித் தேடி அடித்துவிட்டு நிமிர்ந்தேன். அதே இரண்டு புள்ளி. போனை முடித்துவிட்டு வந்த கேசவன் சார் எங்கள் பின்னால் நின்றிருந்தார்.

"உனக்கும் அப்படியே வருதே?"

அந்தக் காலத்தில் எங்களிடம் ஒரு சொல் இருந்தது: வைரஸ். எந்த கஸ்டமரும் மறுகேள்வி கேட்க மாட்டார். அது என் நாக்கு நுனி வரை வந்தது. மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கெஞ்சவில்லை, முறைக்கவுமில்லை. என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். வெட்கத்தில் காது சுட்டது.

"தப்பு என்னுது சார்" என்றேன். "கீபோர்டை மாத்தினது நான். மாத்தினா இங்கிலீஷ்லயும் இப்படி ஆகும்னு இவங்ககிட்ட சொல்லல. போன் பண்ணிச் சொன்னாங்க, அப்பவும் நான் கேக்கல."

கேசவன் சார் மேஜையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்தார். பிறகு அதைக் காட்டி, "அப்ப அதுல எழுதினது?" என்றார்.

ஆபரேட்டர் எரர் என்பதைப் பேனாவால் அடித்துவிட்டு, இன்ஜினியர் எரர் என்று எழுதினேன். பிறகு செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். ஆங்கிலத்துக்குப் பழைய லேஅவுட், பிரெஞ்சுக்குத் தனியாக இன்னொன்று, ஆல்ட்டும் ஷிஃப்டும் சேர்த்துத் தட்டினால் மாறும், ஸ்கிரீனின் கீழ் மூலையில் எது ஓடுகிறது என்று தெரியும். மேடம் அன்றைய கடிதங்களை அடித்து முடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கிளம்பும்போது மன்னிப்புக் கேட்டேன்.

"சரி சார். ஆனா முதல்ல நீங்க என்ன சொன்னீங்கன்னு நான் மறக்க மாட்டேன்" என்றார்.

அவர் வேலை நிலைத்தது. கெடு முடிந்த நாளில் கேசவன் சார் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அவர் பாணி அது.

4. ரிப்போர்ட் ஃபைல்

என் கன்ஃபர்மேஷன் ஆறு மாதம் தள்ளிப்போனது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"காரணம்னு இருக்கற இடத்துல இப்படி எழுதினவன் இந்த ஆபீஸ்லயே நீ ஒருத்தன்தான். மத்தவன்லாம் எப்படி எழுதறான்னு பாத்துக் கத்துக்கோ" என்று பழைய ரிப்போர்ட் ஃபைலை என் பக்கம் தள்ளினார்.

இப்போது புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டுதான். எதையாவது மாற்றினால், மாற்றியதைக் காட்டிவிட்டுக் கிளம்பாதீர்கள். அந்த மனிதர் தன் வழக்கமான வேலையைச் செய்து முடிக்கும் வரை பக்கத்தில் இருங்கள். காரணம் என்ற கட்டத்தைக் கடைசியில் நிரப்புங்கள், அவர் கண் முன்னாலேயே.

அன்று மேனேஜர் தள்ளிய ஃபைலைப் புரட்டினேன். மற்றவர்கள் எழுதியதைவிட என் கையெழுத்துதான் கண்ணில் பட்டது. ஆபரேட்டர் எரர், ஆபரேட்டர் எரர் என்று பக்கத்துக்குப் பக்கம். சில நிஜமாகவே அந்த ஆபரேட்டர்கள் தப்பாக இருக்கலாம். எவை என்று எனக்கே நினைவில்லை. ஒன்று மட்டும் நினைவு வந்தது. ஒரு கிளினிக்கில் ரிசப்ஷனில் இருந்த பெண், "நான் ஒண்ணும் பண்ணல சார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். அடுத்த மாதம் போனபோது அந்த நாற்காலியில் வேறு ஒருத்தி இருந்தாள். பழைய பெண் எங்கே என்று நான் கேட்கவில்லை.