டென்னிஸ் கையைத் தூக்கும் இடம்

டில்லிபாபுவுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் வெல்டர். துருப்பிடித்து ஓட்டை விழுந்த இடத்தை வெட்டியெடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்துப் பற்றவைப்பது அவர் வேலை. வியாசர்பாடியில் அவர் குடியிருக்கும் பிளாக்கில் போய் வெல்டர் டில்லிபாபு என்று கேட்டால் முழிப்பார்கள். பேஸ் கிட்டார் டில்லி என்று கேளுங்கள், மூன்றாம் மாடி வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள். போகிற வழியில், "அது பாட்டா சார், மோட்டாரு மக்கர் பண்ற சத்தம்" என்றும் சொல்வார்கள். அவர் அதற்கெல்லாம் கோபப்படுகிற ஆள் இல்லை.

அவருடைய பேண்டுக்குப் பெயர் 'துரு'. ஹெவி மெட்டல். இந்தப் பக்கத்தில் ஹெவி மெட்டலா என்று புருவத்தைத் தூக்குகிறவர்கள் ஒரு நாள் மணலி ரோட்டில் வந்து நிற்க வேண்டும். டேங்கர் லாரி ஒரு பக்கம், கூட்ஸ் வண்டி ஒரு பக்கம். நடுவில் எவன் புல்லாங்குழல் வாசிப்பான்? தொண்ணூறுகளின் கடைசியில் நாலு பேர் சேர்ந்து ஆரம்பித்தார்கள். இரண்டு ஆல்பம் போட்டார்கள். அப்புறம் கிட்டார்காரர் துபாய்க்குப் போனார். டிரம்ஸ் அடித்தவர் முதுகுவலியோடு மாதவரத்தில் பால் ஏஜென்சி எடுத்து உட்கார்ந்துவிட்டார். பாடினவர் டென்னிஸ், டில்லியின் உயிர்த் தோஸ்து. அவரும் எண்ணூரில் ஒரு சபைக்கு ஊழியம் செய்யப் போய்விட்டார். போன நாளிலிருந்து டில்லி அவரோடு பேசவில்லை.

பேண்டை மூட்டை கட்டிப் பரணில் போட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை. புது ஆட்களைச் சேர்த்தார். சாப்பாடு டெலிவரி செய்யும் வெற்றி டிரம்ஸுக்கு வந்தான். தங்கசாலையில் மொத்த வியாபாரம் செய்யும் தெக்கத்திக் குடும்பத்துப் பையன் ரெஜி கிட்டாருக்கு. பாடுவதற்கு ராயபுரத்துக் கிறிஸ்டினா. பகலில் ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுக்கிறாள், மைக் முன்னால் வாயைத் திறந்தால் கப்பல் சங்கு தோற்றுப்போகும். எல்லாமே புதுப் பாட்டுகள். மூன்றாவது ஆல்பத்துக்காகச் சாலிகிராமத்தில் ஒரு ஸ்டூடியோவைப் பிடித்தார்கள்.

வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. 'துரு'வுக்கு ஒரு பழக்கம் உண்டு. அந்தக் காலத்தில் கொருக்குப்பேட்டையில் ரயில் லைனை ஒட்டிய ஐஸ் கிடங்கு மாடியில் வாசிப்பார்கள். கூட்ஸ் வண்டி ஹார்ன் அடித்தால் டென்னிஸ் இடது கையைத் தூக்குவார். எல்லோரும் சட்டென்று நிறுத்துவார்கள். கை இறங்கியதும் மறுபடி ஒன்றாக வாசிக்க ஆரம்பிப்பார்கள். பழைய இரண்டு ஆல்பமும் அதே மாடியில் அந்த நிறுத்தங்களோடுதான் பதிவாயின. ரசிகர்கள் அதையே ஸ்டைல் என்று தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

சாலிகிராமத்தில் ஏது கூட்ஸ் வண்டி? ஆனாலும் ஒரு நீள வரி முடியப்போகும் நேரத்தில் டில்லியின் விரல்கள் தாமாக நின்றன. மற்ற மூன்று பேரும் ஓடிக்கொண்டே இருந்தார்கள். மறுபடி ஆரம்பித்தார்கள், மறுபடி நின்றார். சாயங்காலம் வரைக்கும் இதே கதை. கடைசியில் சவுண்ட் இன்ஜினியர் அலெக்ஸாண்டர் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"தப்பா நெனைக்காதீங்கண்ணே. பேஸையும் ரெஜியே வாசிச்சிரட்டும். கவர்ல உங்க பேரு இருக்கும்."

ரெஜி தரையைப் பார்த்தான். அவர் ஆரம்பித்த பேண்டு, அவர் இல்லாமல் ஒரு ஆல்பம்.

"நாளிக்கு மத்தியானம் வரிக்கும் டைம் குடு நைனா," என்றார். "அப்பவும் வரலன்னா நானே கிட்டார பையில போட்டுக்கினு போயிடறேன்."

வீட்டில் மனைவி பவானி அவர் முகத்தைப் பார்த்தே விஷயத்தைக் கறந்துவிட்டாள். "அந்த ஆளு மேல கோவத்த வெச்சிக்கினு இங்க குந்திக்கினு கீற. போய் ஒரு தபா டென்னிஸு அண்ணனப் பாத்துட்டு வாயேன், இன்னா கொறஞ்சிடப் போற?" என்றாள். முறைத்தார். ஆனால் காலையில் எண்ணூர் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

டென்னிஸ் சபையில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார். ஆளைப் பார்த்ததும் இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். டில்லி நடந்ததைச் சொன்னார்.

"ஹார்னே இல்லாத எடத்துல கை நின்னுடுது மாமு. பேஜாராக் கீது."

டென்னிஸ் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. சட்டைப் பையிலிருந்து ஸ்பிரேயை எடுத்து வாயில் அடித்துக்கொண்டு, மூச்சு சமனாகும் வரை காத்திருந்தார்.

"நீ ஒரு தபாவாச்சும் ஹார்னக் கேட்டுக்கிறியா? ஒன் சத்தத்துல எமனே வந்து கூப்ட்டாலும் கேக்காது."

டில்லி யோசித்துப் பார்த்தார். மெய்தான். அவர் ஹார்னைக் கேட்டதே இல்லை. டென்னிஸின் கையைத்தான் பார்த்திருக்கிறார்.

"எனக்கு வீசிங்கு மாமு, மொதல்லேர்ந்தே. நீள வரின்னா முடியறதுக்குள்ள மூச்சு பூடும். மெட்டல் பாட்றவனுக்கு மூச்சு இல்லன்னா ஊரே கலாய்க்கும். அதான் ஹார்ன்னு டபாய்ச்சேன்."

"அப்ப சபைக்கு வந்தது?"

"கர்த்தரு கூப்ட்டாரு, அது மெய்யாலுமே மெய்தான். ஆனா டாக்டரு அவருக்கு முன்னாடியே கூப்ட்டு சொல்லிட்டாரு, பாடாதன்னு."

டில்லிக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் அது துக்கமாகிவிட்டது. இத்தனை வருஷம் பக்கத்தில் நின்று வாசித்திருக்கிறார். நண்பன் மூச்சுக்குத் தவித்தது தெரியாமல் போயிருக்கிறது. "எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"சொன்னா நீ மெதுவா வாசிப்ப. அது எனக்கு வாணாம்." டென்னிஸ் அவர் தொடையில் தட்டினார். "எம் மூச்சப் பாத்து நின்ன. அந்தப் பொண்ணும் மூச்சு வுடும்ல? அத்தப் பாத்து வாசி, போ."

மத்தியானம் ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததும் டில்லி ஒரே ஒரு விஷயம் கேட்டார். கிறிஸ்டினா கண்ணாடி அறைக்குள் நின்று பாடக் கூடாது, அவருக்கு எதிரே வந்து நிற்க வேண்டும்.

"சத்தமெல்லாம் கலந்துரும்ணே," என்றான் அலெக்ஸாண்டர்.

"கலந்தா கலக்கட்டும் நைனா. அது மூச்சு வாங்கறது எனக்குத் தெரியணும்."

கிறிஸ்டினா மைக்கைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரே நின்றாள். வெற்றி குச்சியைத் தட்டினான். டில்லி அவள் தோளையே பார்த்துக்கொண்டு வாசித்தார். தோள் ஏறும்போது தந்தியைக் கொஞ்சம் பிடித்தார், இறங்கும்போது விட்டார். அவள் மூச்சு வாங்குகிற இடங்களே வேறாக இருந்தன. அந்த நீள வரி வந்தது. டென்னிஸாக இருந்தால் கையைத் தூக்கியிருப்பார். கிறிஸ்டினா அதை ஒரே மூச்சில் தாண்டிப் போனாள். டில்லியின் விரல்களும் நிற்காமல் கூடவே போயின.

பாட்டு முடிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அலெக்ஸாண்டர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். ரெஜி ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டான். டில்லிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் கண்ணில் நீர் முட்டி, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இன்னாணா, எங்கனா தப்பாப் பாடிட்டனா?" என்று கிறிஸ்டினா பயந்துபோய்க் கேட்டாள்.

"இல்லம்மா. ஒயுங்காப் பாடிட்ட."

டென்னிஸ் பேண்டை விட்டுப் போய்விட்டார் என்று ஊரெல்லாம் சொன்னபோதும் டில்லியின் கை மட்டும் அவருக்காக அந்த இடத்தில் நின்று காத்துக்கொண்டிருந்தது. இன்றைக்கு அதுவும் காத்திருக்கவில்லை.