தப்பியவர்கள் பட்டியலில் ஏசுபாதம்

இசபெல்லாவுக்கு அப்பாவின் முகம் நினைவில் இல்லை. கதைதான் தெரியும். 1889ஆம் வருஷம் மாரிக்குப்பம் பக்கத்துச் சுரங்கம் ஒன்றில் லெவல் எனப்படும் நிலத்தடி நடைவழி சரிந்து விழுந்தபோது அவளுக்கு மூன்று வயது. அப்பா ஏசுபாதம் உள்ளே மரத்தூண் முட்டுக்கொடுக்கும் வேலையில் இருந்தார். நினைத்திருந்தால் அவர் தப்பி வந்திருக்கலாம்; பின்னால் மாட்டிக்கொண்டவர்களைக் கூப்பிடத் திரும்பிப் போனார்; உடம்புகூட மேலே வரவில்லை. அம்மா தாயம்மா இதை எத்தனை தரம் சொன்னாலும் ஒரு வார்த்தை கூடாது, குறையாது.

விபத்து நடந்த வருஷமே தாயம்மா சுரங்கத் தொழிலாளர் குடியிருந்த அந்த லைனை விட்டு வேறு சபை இருக்கும் பக்கம் குடிவந்துவிட்டாள். சுரங்கத்துக்கு மேலே கல் பொறுக்கும் வேலை. சுரங்கத்தில் செத்தவரின் பிள்ளை என்று மிஷன் பள்ளிக்கூடத்தார் இசபெல்லாவை இலவசமாகச் சேர்த்துக்கொண்டார்கள். படித்து, அதே பள்ளியில் வாத்தியாரம்மாவாகவும் ஆனாள். வகுப்பில் தைரியம் பற்றிப் பாடம் வந்தால் அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் விடமாட்டாள். சொல்லும்போது குரல் கொஞ்சம் நடுங்கும். அந்த நடுக்கம் அவளுக்குப் பிடித்திருந்தது.

1907இல் சபையின் ஆண்டு விழாவுக்கு ஒரு சிறு வரலாறு அச்சிடப் போவதாகச் சொன்ன போதகர், எழுதும் வேலையை அவளிடம் கொடுத்தார். "உங்க அப்பாவைப் பத்தியும் ஒரு பக்கம் எழுதும்மா" என்றார். அவள் அன்றைக்கே வேலையைத் தொடங்கினாள்.

முதலில் அம்மாவின் பழைய சபைக்குப் போய் அடக்கப் பதிவேட்டைப் பார்த்தாள். அந்த வருஷம் பிப்ரவரியில் நாலு பெயர் வரிசையாக இருந்தது. அப்பா பெயர் இல்லை. உடம்பே கிடைக்காதவரை எப்படி அடக்கம் எழுதுவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ராபர்ட்சன்பேட்டையில் மிஷனுக்கு ஒரு வாசகசாலை இருந்தது. சென்னையிலிருந்து வந்த தமிழ் வாரப் பத்திரிகையை வருஷவாரியாகத் தைத்து வைத்திருந்தார்கள். 1889ஆம் வருஷத்துத் தொகுப்பில் பாதியைக் கரையான் தின்றிருந்தது. பிப்ரவரி மிஞ்சியிருந்தது. 'கோலார் தங்கச் சுரங்கத்தில் கோர விபத்து' என்ற தலைப்பைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

இறந்தவர்கள் ஏழு பேர். உடல் கிடைத்தவர்கள் நாலு, கிடைக்காதவர்கள் மூன்று. பெயர், வயது, ஊர் எல்லாம் அச்சாகியிருந்தன. அவள் அந்த மூன்று பெயரையும் விரல் வைத்துப் படித்தாள். அதில் ஏசுபாதம் இல்லை. அச்சுக்காரன் விட்டிருப்பான் என்ற கோபத்தோடு கீழே படித்துக்கொண்டு போனாள். கடைசிப் பத்தியில், மறுநாள் காலை கேஜ் என்ற இரும்புக் கூண்டில் உயிரோடு மேலே கொண்டுவரப்பட்டவர்கள் என்று ஐந்து பேர் இருந்தார்கள். நாலாவது: 'வேலூர் மாசிலாமணி குமாரன் ஏசுபாதம், வயது 27, காயமில்லை.'

காயமில்லை. அந்தச் சொல்லை அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு தொகுப்பை மூடி, இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

அம்மாவிடம் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு கதை வரும் என்று முதல்முறையாக அவளுக்குத் தோன்றியது.

ஒரு சனிக்கிழமை பௌரிங்பேட்டை வரை ரயிலிலும் அங்கிருந்து ஜட்காவிலும் கோலாருக்குப் போனாள். எங்காவது நிலம் வாங்கியிருந்தால் பத்திரப் பதிவு ஆபீஸ் அட்டவணையில் பெயர் இருக்கும் என்று பள்ளிக் கணக்குப்பிள்ளை சொல்லியிருந்தார். அங்கே இருந்த குமாஸ்தா, 1889லிருந்து ஒவ்வொரு வருஷமாகத் தேடினார். வெங்கடப்பாக்களும் முனியப்பாக்களும் போய்க்கொண்டே இருந்தார்கள்.

"இந்த மாதிரி பேரு இந்தப் பக்கம் ஏதும்மா?" என்று அலுத்துக்கொண்ட குமாஸ்தா, 1896க்கு வந்ததும் நிறுத்தினார். "இருக்குது பாரு. ஏசுபாதம், தகப்பன் மாசிலாமணி. பூதிகோட்டையில ரெண்டு ஏக்கர் புஞ்சை. இன்னா வேணும் உனக்கு? நகலா?"

"வேணாம் சார்" என்றாள் இசபெல்லா. "அவரு உயிரோட இருக்காரான்னு தெரியணும்."

"அது இந்தப் புஸ்தகத்துல இல்ல" என்றார் அவர்.

மறுவாரம் பூதிகோட்டைக்கு மாட்டுவண்டியில் போனாள். பெயரைச் சொன்னதும் ஊரே கை காட்டியது. கேழ்வரகுக் கொல்லையில் களை பிடுங்கிக்கொண்டிருந்த மனிதர் நிமிர்ந்து பார்த்தார். இவளுக்கிருந்த அதே அகன்ற நெற்றி.

"யாரும்மா நீ?"

"இசபெல்லா. தாயம்மா பொண்ணு."

அவர் கையிலிருந்த களையைக் கீழே போட்டார். உட்காரச் சொல்லவும் தோன்றாமல் நின்றார்.

"நீங்க செத்துட்டதா சொல்லித்தான் நான் வளந்தேன்" என்றாள். "உள்ள மாட்டினவங்களைக் காப்பாத்தப் போயி செத்ததா."

"யாரையும் நான் காப்பாத்தல" என்றார் அவர். "ராத்திரி பூரா இருட்டுல கெடந்தேன். பக்கத்துல ஒருத்தன் கத்திகினே இருந்தான். அப்புறம் கத்தல. மேல வந்ததும் இனிமே எறங்க மாட்டேன்னு உங்க அம்மாகிட்ட சொன்னேன். எறங்காதவனுக்கு இந்த லைன்ல வீடு ஏது, புள்ளைய இன்னாத்துக்குப் பெத்தேன்னு கேட்டா. ரெண்டு நாள் கேட்டுகினே இருந்தா. மூணாம் நாளு காலையில நடந்தேன்."

"நான் எங்க இருந்தேன்?"

"தூங்கிகினு இருந்தே."

வீட்டுப் பக்கமிருந்து ஒரு பெண்மணி எட்டிப் பார்த்தாள். பின்னால் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி. அவளுக்கும் அதே நெற்றி. "சாப்ட்டுப் போம்மா" என்றார் ஏசுபாதம். இசபெல்லா வண்டிக்குத் திரும்பினாள். பதினெட்டு வருஷம் சுரங்கத்தின் அடியில் கிடப்பதாக நினைத்து அவள் அழுத மனிதர், ஒரு நாள் வழித் தூரத்தில் கேழ்வரகு விதைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து அம்மாவின் முன்னால் நின்றாள். "பூதிகோட்டைக்குப் போய்ட்டு வந்தேன்."

தாயம்மா அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "இருக்காரா?" என்றாள்.

"ஏம்மா பொய் சொன்னே?"

"ஒரு மாசம் வாசலப் பாத்துகினு இருந்தேன். வரல. அப்புறம் வெள்ளைப் புடவை கட்டிக்கினேன். செத்தவன் புள்ளைன்னா பள்ளிக்கூடத்துல சேத்துக்குவாங்க. ஓடிப்போனவன் புள்ளைய யாரு சேப்பாங்க? நீயே சொல்லு."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"உங்கிட்டத்தான் சொல்ல முடியல. நீ அவரைப் பத்திப் பேசும்போது உம் மூஞ்சியப் பாத்திருந்தா உனக்கே தெரியும்."

இசபெல்லா சபை வரலாற்றை எழுதி முடித்தாள். அப்பாவுக்கென்று ஒரு பக்கம் அதில் இல்லை. போதகர் ஏன் என்று கேட்டபோது, "ஆதாரம் கிடைக்கலீங்க ஐயா" என்று மட்டும் சொன்னாள். வகுப்பில் தைரியம் பற்றிய பாடத்தைப் புத்தகத்தில் உள்ளபடியே நடத்தினாள். அம்மாவோடு அதே வீட்டில்தான் இருந்தாள். சோறு, தண்ணீர், உடம்பு சரியில்லை என்பதைத் தாண்டிப் பேச்சு கிடையாது. ஆனாலும் மாதங்கள் போகப் போக அம்மாவின் பக்கம் அவள் மனசு கொஞ்சம் சாய்ந்தது. புருஷன் விட்டுப் போன பெண் வேறு என்னதான் செய்வாள் என்று நினைத்துக்கொள்வாள். ஏமாந்தவர்கள் நாங்கள் இரண்டு பேருமே என்று ஒரு சமாதானம்.

மறு வருஷம் தை மாதத்தில், பகல் பதினோரு மணிக்கு, பூதிகோட்டையில் பார்த்த அந்தப் பெண் வாசலில் வந்து நின்றாள். அன்று பள்ளிக்கு விடுமுறை, இசபெல்லாதான் கதவைத் திறந்தாள். அந்தப் பெண் அவளைத் தாண்டி உள்ளே பார்த்து, "பெரிம்மா, அப்பா போய்ட்டாரு" என்று சொல்லி அழுதாள்.

தாயம்மா எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். தலையைத் தடவி, "எப்போடி சரோஜா?" என்றாள். அந்தப் பெண் தன் பெயரை இன்னும் சொல்லவே இல்லை.

இசபெல்லா சுவரோடு ஒட்டி நின்றாள். "இவளை உனக்கு எப்படித் தெரியும்?"

சரோஜம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் அறியாதவளாகச் சொன்னாள். "பெரிம்மா வருஷா வருஷம் சந்தைக்கு வருவாங்களே அக்கா. எங்க வூட்லதான் சாப்புடுவாங்க. நீங்க பரிட்சை பாஸ் பண்ணதெல்லாம் அப்பாகிட்ட சொல்லுவாங்க. நீங்க மட்டும் வர மாட்டீங்கன்னு அப்பா சொல்லும்."

தாயம்மா மாற்றுப் புடவையை மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினாள். வாசலில் திரும்பி, "வரியா?" என்று கேட்டாள்.

"நீ போ" என்றாள் இசபெல்லா.

அவர்கள் இருவரும் ரயிலடிப் பக்கம் நடந்து போவது தெரு முனை வரை தெரிந்தது. இசபெல்லா கதவைச் சாத்தினாள். கோலார் மிஷன் பள்ளிக்கு ஓர் ஆசிரியை வேண்டும் என்று போதகர் முந்தின வாரம் சொல்லியிருந்தார். அம்மா திரும்பி வருவதற்குள் அந்த வேலைக்கு விண்ணப்பம் எழுதி, தபாலில் சேர்த்துவிட்டாள்.